வாசல் விளக்கு எரியும் வீடுகள்

அக்டோபர் மாலை. மேப்பிள் இலைகள் ஈரமாக ஒட்டிக் கிடக்கும் நடைபாதையில் மேயர் வெர்னெட்டா வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வருகிறாள். உருக்காலையை மூடியபின் பாதி ஊர் காலியாகிவிட்டது. இந்தத் தெருவில் மட்டும் ஜன்னலுக்கு ஜன்னல் திரை தொங்குகிறது, படிகளில் செவ்வந்தித் தொட்டி இருக்கிறது, வாசல்களில் மஞ்சள் விளக்கு எரிகிறது. பார்க்கவே அவளுக்குத் தெம்பாக இருக்கிறது. நாலு வீட்டில் தட்டியும் ஒருவரும் வரவில்லை. வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள் என்று நினைத்து, தன் படம் போட்ட அட்டையைக் கதவுப் பிடிகளில் மாட்டிவிட்டு வந்து, இப்போது ஐந்தாவது கதவைத் தட்டுகிறாள். பக்கத்து வீட்டு ஆர்லிஸ் கிழவர் பூவாளியோடு வந்து நிற்கிறார்.

"அங்க யாரும் இல்ல, மேயரம்மா. போயி ஆறு வருஷமாச்சு."

"விளக்கு எரியுதே?"

"வெயில்ல சார்ஜ் ஏறுற விளக்கு. நாந்தான் மாட்டினேன். திரை என் சம்சாரம் தைச்சது. காலின்னு தெரிஞ்சா சுவத்துக்குள்ள இருக்கிற செம்புக் குழாயப் பிடுங்கி விக்கத் திருடனுங்க வருவானுங்க, அப்புறம் தீ வைப்பானுங்க. அடுத்தது என் வீடுதானே."

"அப்ப மத்த வீடெல்லாம்?"

"அதுவும் அப்படித்தான்."

அவர் குனிந்து தொட்டிக்குத் தண்ணீர் விடுகிறார்.

"ஓட்டு உங்களுக்கே போடுறேன். அந்த அட்டைய மட்டும் மாட்டாதீங்க. ரெண்டு நாளு எடுக்காம தொங்குச்சுன்னா, உள்ள ஆளில்லன்னு காட்டிக் குடுத்துரும்."

வெர்னெட்டா வந்த வழியே திரும்பி நடக்கிறாள். ஒவ்வொரு வாசலாக ஏறி, சிரித்துக்கொண்டிருக்கும் தன் முகத்தைக் கதவிலிருந்து கழற்றுகிறாள்.