ஆறடி நீளம், மூணடி அகலம்

"ஆறடி நீளம், மூணடி அகலம். தாராளமாப் போதும்."

தையல்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இஞ்ச் டேப்பைத் தரையோடு தரையாக இழுத்துப் பிடித்திருந்தார். பக்கத்தில் மண்வெட்டி கிடந்தது. படியிறங்கி வந்த மாடி வீட்டு டீச்சர் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"யாருக்குத் தம்பி?"

"முள்ளங்கிக்கு டீச்சர்."

டீச்சருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

தையல்காரர் கீழ் வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. குளிர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி, மண் லேசாக இளகத் தொடங்கிய வாரம் அது. எந்நேரமும் மெஷினே கதி என்று கிடக்காமல் கொஞ்சம் குனிந்து நிமிரச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆனால் அவர் மண்வெட்டியைத் தூக்கியது டாக்டருக்காக அல்ல, மனைவிக்காக.

"புல்லாங்குழல் வாங்கினீங்க, பரண்ல தூங்குது. நீச்சல் கத்துக்கறேன்னு போனீங்க, டிராயர் நனைஞ்சதுதான் மிச்சம். இதுவும் பதினஞ்சு நாள் கூத்துதான்" என்று அந்தம்மா சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவை பாரு. முதல் காயை உன் கையில கொண்டுவந்து குடுக்கல, என் பேரை மாத்திக்கறேன்."

வீட்டுக்குப் பின்னால் இரண்டு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு காலியிடம். நடுவே ஒரு வரிசை செங்கல் பதித்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். வீடு காட்ட வந்த தரகர் கோடியில் மதிலோரமாகப் போய் நின்று, வீட்டைப் பார்த்தபடி, "வலது கைப் பக்கம் உங்களுக்கு, இடது கைப் பக்கம் மாடிக்காரங்களுக்கு" என்று கையை வீசிக் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

தையல்காரர் பின்கதவைத் திறந்து வெளியே இறங்கினார். சொன்ன சொல் தவறாமல் வலது கைப் பக்கம் திரும்பினார். அங்கே உடைந்த ஓடும் கருங்கல் ஜல்லியும் துருப்பிடித்த வாளியும் குவிந்து கிடந்தன. இடப்பக்கமோ பஞ்சு மெத்தை மாதிரி மண். 'டீச்சர் குடுத்து வெச்சவங்க' என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு கல் பொறுக்க ஆரம்பித்தவர்தான்.

டீச்சர் அன்றைக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஓரமாகப் பொறுக்கி அடுக்கியிருந்த கற்களைப் பார்த்தார். தையல்காரரின் முதுகில் வழிந்த வேர்வையைப் பார்த்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டு மாடிக்குப் போனவர், ஒரு நாற்காலியோடு திரும்பி வந்தார்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவர். சும்மா உட்காருவாரா?

"முதுகை வளைக்காதீங்க தம்பி, முட்டியை மடக்குங்க! ம்... ஒண்ணு, ரெண்டு! அந்த மூலையில பட்டாணி போடுங்க. பட்டாணின்னா எனக்கு உயிர்."

தினமும் பத்து மணிக்கு டீ வந்தது. டீயோடு உத்தரவும் வந்தது.

"பாத்துக்கிட்டே இருங்க, விளைஞ்சதும் பாதியைச் சுருட்டிக்கிட்டுப் போகப்போறாங்க" என்றார் மனைவி.

"போகட்டுமே. வயசானவங்க, வாய்விட்டுக் கேக்கறாங்க. நம்ம தோட்டத்துல ரெண்டு குடுத்தா குறைஞ்சா போயிடுவோம்?" என்றார் தையல்காரர், கர்ணன் பரம்பரையில் வந்தவர் போல.

முளைவிட்ட நாலாம் நாள், போன குளிர் எதையோ மறந்துவிட்டாற்போல் திரும்பி வந்தது. தையல்காரர் கடைக்கு ஓடினார். தைத்து முடித்தும் யாரும் டெலிவரி எடுக்க வராத பதினோரு சட்டைகளைக் கொண்டுவந்து பாத்தி முழுக்கப் போர்த்தினார். மாடியிலிருந்து குரல் வந்தது: "கடைசி வரிசை நடுங்குது பாருங்க!" தையல்காரர் தான் போட்டிருந்த சட்டையையும் கழற்றிப் போர்த்தினார். மூன்று நாள் தும்மினார். செடிகள் தும்மவில்லை.

பதினைந்து நாள் தாண்டியது. ஒரு மாதமும் தாண்டியது. மனைவியின் கிண்டல் மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் அந்தம்மாவே யாரும் பார்க்காத நேரத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தையல்காரர் தலை வாரிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு பாத்தியில் இறங்கினார். இலையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். குழந்தை விரல் தடிமனில், சிவப்பாக, ஒரு முள்ளங்கி மண்ணை உதறிக்கொண்டு வெளியே வந்தது. அதைக் கழுவி மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

அந்தம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லையே..." என்றார். கண் ஓரம் லேசாக மினுங்கியது. இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து தையல்காரருக்குக் கிடைத்த முதல் 'பரவாயில்லை' அது.

அப்போது படியில் தடதடவென்று சத்தம். டீச்சர் பெரிய கூடையோடு இறங்கி வந்தார். "நான் சொல்லல?" என்பது போல் மனைவி கணவனைப் பார்த்தார்.

தையல்காரர் பெரிய மனசு பண்ணி, நல்லதாக மூன்று முள்ளங்கிகளைப் பிடுங்கி நீட்டினார். "வாங்க டீச்சர். கூச்சப்படாம வெச்சுக்கங்க."

டீச்சர் கூச்சப்படவில்லை. மூன்றையும் வாங்கிக் கூடையில் போட்டார். பிறகு குனிந்து, முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி, ஒண்ணு ரெண்டு எண்ணியபடி மொத்த வரிசையையும் பிடுங்கினார். கூடை நிறைந்ததும் அதிலிருந்து நாலே நாலு எடுத்து, மனைவியின் கையில் திணித்தார்.

"எ... எங்களுக்கா?"

"பின்ன? பாடுபட்டவருக்குக் குடுக்காம நான் மட்டும் சாப்பிட்டா அது நியாயமா?" என்ற டீச்சர், செங்கல் வரிசைக்கு இடப்பக்கம், புல் மண்டிக் கிடந்த மெத்தை மண்ணைப் பார்த்து ரொம்பக் கவலையாகக் கேட்டார்:

"ஏன் தம்பி, உங்க இடத்துல எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"