கல்யாணப் பொண்ணு கலர்

பதினேழாவது புடவையையும் அவள் தள்ளி வைத்தாள்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. தள்ளி மட்டும் வைத்தாள்.

வெள்ளை விரிப்பில் புடவைகள் குவிந்து கிடந்தன. சந்தனம், சாம்பல், மங்கிய பச்சை. எல்லாம் அவளே கேட்டு எடுக்கச் சொன்னவை. ஒன்றும் பிடிக்கவில்லை.

பிடிக்காது என்று தெரிந்துதான் கேட்டாள்.

பக்கத்து ஸ்டூலில் மகள் வர்ஷினி உட்கார்ந்திருந்தாள். காலேஜில் இரண்டாம் வருஷம். காலையில் அவளை ஹாஸ்டல் வாசலிலிருந்து கூட்டி வந்ததிலிருந்து போனை விட்டுத் தலை நிமிரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் விஷயத்தைச் சொன்னபோது, "ம்" என்றாள்.

கல்யாணத்துக்கு வருவாயா என்று கேட்டதற்கு, "செமஸ்டர் வருது. பாக்கலாம்" என்றாள்.

அந்தப் 'பாக்கலாம்' அம்மாவை மூன்று வாரமாகத் தூங்கவிடவில்லை. சோறு இறங்கவில்லை. வேலை பார்க்கும் தபாலாபீஸில் ஒரே கவரில் இரண்டு தடவை முத்திரை குத்தினாள்.

மகள் வராத கல்யாணத்துக்கு எந்தப் புடவையைக் கட்டினால் என்ன?

முதல் கல்யாணத்தில் இந்த வம்பே இல்லை. கூறைப்புடவையை மாப்பிள்ளை வீட்டார் எடுத்தார்கள். மணமேடையில் தட்டோடு கையில் கொடுத்தபோதுதான் அதன் நிறத்தையே பார்த்தாள். கத்தரிப்பூ நிறம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். யாரும் கேட்கவில்லை. புடவைக்கு மட்டும் அல்ல, எதற்கும்.

விவாகரத்து ஆகிப் பதினொரு வருஷம் போய்விட்டது.

இப்போது கட்டிக்கொள்ளப் போகிற தியாகேசன், "உனக்குப் பிடிச்சதா நீயே எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் நாற்பத்து மூன்று வயதில் ஒருத்தியைப் பார்த்து இப்படித் திடீரென்று சொன்னால் அவள் என்ன செய்வாள்?

எழுந்தாள். உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல் மூடினாள்.

மேல் தட்டில் ஒரு அரக்குச் சிவப்பு இருந்தது. பெரிய ஜரிகைக் கரை. அரை மணி நேரமாக அதைப் பார்க்காமல் இருப்பதே அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

"ஏம்மா, முகூர்த்தத்துக்குன்னு சொல்றீங்க. சாம்பக் கலரையே கேக்குறீங்களே?" கடைக்காரர் எட்டி அந்த அரக்கையே உருவினார். "பொண்ணு கலருக்கு இது எப்படி எடுக்குதுன்னு பாருங்க. எழுந்திரும்மா."

வர்ஷினியைத்தான் சொன்னார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. வாய் வரவில்லை.

வர்ஷினி போனைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்தாள். கண்ணாடி முன்னால் போய் நின்றாள். அவர் விறுவிறுவென்று மடிப்பு வைத்து, முந்தானையைத் தோளில் போட்டு, கரையை நீவிவிட்டார். பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பி, நல்லாருக்கு என்று தலையாட்டினார்கள்.

நன்றாகத்தான் இருந்தது. பெற்ற வயிறு குளிர்ந்தது. அதே நேரம் வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு தனக்குக் கூறைப்புடவை எடுக்க வந்திருக்கிறாள். ஊரில் சொல்வார்கள்தான். சொல்லட்டும் என்று இத்தனை நாள் வீராப்பாக இருந்தது, இந்தக் கண்ணாடி முன்னால் கரைந்துவிட்டது.

எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. எடுக்காமலே ஓடினாலும் சரிதான்.

"மாப்பிள்ளை என்ன பண்றாரும்மா?"

"ஈ.பி.யில இருக்கார்" என்றாள். பொய் இல்லை.

"நல்ல கலரா, மாநிறமா? ஜோடியா நிக்கும்போது பொருந்தணும்ல?"

அவள் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள்.

"மாநிறம்" என்றாள் வர்ஷினி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "வயசு நாப்பத்தொம்பது. மீசைக்கு டை அடிக்கிறார்."

கடைக்காரரின் கை முந்தானையிலேயே நின்றுவிட்டது.

அவர் பெண்ணைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பக்கத்துப் பெண்கள் இருவரும் புடவைக் கரையை ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவளுக்குக் காது மடல் எரிந்தது. இதற்குத்தானா மூன்று வாரம் வாயே திறக்காமல் இருந்தாய் என்று அறையலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது.

வர்ஷினி புடவையை உருவி எடுத்தாள். "கல்யாணப் பொண்ணு இவங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணாடி முன்னால் இழுத்து நிறுத்தினாள். மென்மையாக ஒன்றும் இழுக்கவில்லை.

சிவப்பு அவள் தோளில் வந்து விழுந்தது.

அவள் நிமிரவில்லை. கால் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேரா நில்லும்மா. மடிப்பு கலையுது" என்றாள் மகள்.

நின்றாள்.

"அவர்கிட்ட நேத்து போன்ல பேசினேன்" என்றாள் வர்ஷினி, பின்னாலிருந்து, ஜரிகையை நீவிக்கொண்டே. "தாலியில முதல் முடிச்சுதான் அவர் போடுவாராம். மத்த ரெண்டையும் மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சி போடணுமாமே. அவருக்குத்தான் யாரும் கிடையாதே."

அவள் கண்ணாடிக்குள் மகளைத் தேடினாள். தன் தோளுக்குப் பின்னால் உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது.

"எனக்கு ஒழுங்கா முடிச்சுப் போட வராதும்மா" என்றது அந்தத் தலை. "நீதான் சொல்லிக் குடுக்கணும்."