கூடாரம் போட ஓர் இடம்

அழகரைப் பார்க்க வந்த கூட்டத்தில் தல்லாகுளம் திணறியது. தார்ப்பாயைத் தோளில் சுமந்தபடி நின்றான் கண்ணுச்சாமி.

"இங்கன கூடாரத்தப் போடுவமா?"

"சரிவா இருக்குங்க. மழை பேஞ்சா தண்ணி பூரா இங்கனதான் வரும்," என்றாள் மனைவி சோணையம்மாள்.

"அப்ப வேப்ப நெழல்ல?"

"எறும்பு சாரை சாரையாப் போகுது."

"எங்கயாச்சும் ஒரு எடத்தச் சொல்லு தாயி. இடுப்பு கழண்டுபோச்சு."

கடைசியில் காற்று வந்த மூலையில் மூங்கிலைக் கட்டி, தார்ப்பாயை இழுத்துவிட்டு, இருவரும் அப்பாடா என்று சாய்ந்தார்கள்.

மொட்டைமாடிப் படியில் அவளுடைய அண்ணனின் தலை தெரிந்தது.

"மாப்ள, கீழ ஒங்க வீட்டுல நிக்கக்கூட எடமில்ல. நம்ம ஊர்லருந்து இன்னொரு வண்டிச் சனம் வந்திருச்சு. இந்தக் கூடாரத்த அவுகளுக்கு விட்டுருங்க. நீங்க நல்ல எடமாப் பாத்து இன்னொண்ணு போட்டுக்கங்க!"