இரண்டு சிவப்பு விளக்குகள்

சாவியைத் திருப்பியதும் இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்தன. இன்ஜின் பிடித்ததும் இரண்டும் அணைந்தன.

ஒரே நொடியில்.

சென்னகிருஷ்ணன் சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை. காலையிலிருந்து பட்டறையில் லாரிகளுக்குக் கீழே படுத்துக் கிடந்தவர், குனிந்து இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்தார்.

"நான் வாங்குன வண்டி எப்படி இருக்கு மாமா? கர்நாடகா பார்டருக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல்ல ஒரு டாக்டர் ஓட்டுன ஃபியட்டாம்லா. பெயிண்டு மட்டும் நாந்தான் புதுசா அடிச்சேன்" என்றான் மருமகன் சுடலைமுத்து.

மாமா. அந்த ஒரு வார்த்தை அவர் காதுக்கு வர இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்தவன், ஏமாற்றிவிட்டுப் போய்விடுவான் என்று இதே பட்டறை வாசலில் நின்று கத்தியவர் அவர். மகள் சம்பங்கி அவனோடுதான் போனாள்.

இன்று ஏழு மாத வயிற்றோடு வந்திருக்கிறாள். பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள் அம்மாவோடு அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சாயங்காலம் இதே காரில் மேலுமலை ஏற்றம் தாண்டிக் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டும்.

ஒரு விளக்கு பேட்டரி சார்ஜுக்கு. மற்றது ஆயில் அழுத்தத்துக்கு. இரண்டும் ஜோடி போட்டுக்கொண்டு அணையாது.

இன்ஜினை நிறுத்திவிட்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். தேடவில்லை. கை நேராகப் போனது.

ஆயில் விளக்கின் ஒயர் சார்ஜ் விளக்கின் ஒயரோடு முறுக்கப்பட்டிருந்தது. பல்பைப் பிடுங்கினால் வாங்குகிறவன் கண்டுபிடித்துவிடுவான். இப்படிச் செய்தால் ஆயில் கோளாறு யாருக்கும் தெரியாது.

பிரித்து, உரிய இடத்தில் மாட்டி, மறுபடி ஸ்டார்ட் செய்தார். சார்ஜ் விளக்கு அணைந்தது. ஆயில் விளக்கு அணையவில்லை.

"ஸ்விட்சு போயிருக்குமோ மாமா? அத மாத்திட்டாச் சரியாயிரும்லா?"

"ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்குது மாப்ள. இன்ஜினுக்குள்ள ஆயிலே ஏறல. மேட்டுல போறப்ப ஜாம் ஆயிரும்."

"எந்தத் திருட்டுப்பய பாத்த வேலை இது!"

சென்னகிருஷ்ணன் இன்ஜினை அணைத்தார்.

பிரித்த இணைப்பிலிருந்து ஒரு துணித்துண்டு தொங்கியது. டேப் சுற்றி, அதன்மேல் இறுக்கிக் கட்டியது. ஊதா நிறம், மஞ்சள் கரை.

அவர் தோளில் கிடந்த கை துடைக்கும் துணிக்கும் அதே ஊதா, அதே கரை. இரண்டு வருஷத்துக்கு முன் மகள் வீட்டைவிட்டுப் போன சமயத்தில், அவள் விட்டுச்சென்ற தாவணியை ஆத்திரத்தில் கிழித்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தது.

அந்தத் தாவணிக்காக ஓசூர் பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ காலைகள் காத்து நின்றவன் சுடலைமுத்து.

அவன் ஒயரில் தொங்கிய துணித்துண்டைப் பார்த்தான். பிறகு மாமனார் தோளைப் பார்த்தான்.

"பார்டர் தாண்டிப் போயிரும், திரும்பி வராதுன்னு புரோக்கர் சொன்னான்... அத நம்பித்தான் முறுக்கிக் குடுத்தேன்." சென்னகிருஷ்ணன் தோளில் கிடந்த துணியை எடுத்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"என்னாச்சுங்க வண்டிக்கு?" இடுப்பில் கையை ஊன்றியபடி வாசலுக்கு வந்தாள் சம்பங்கி.

சுடலைமுத்து துணித்துண்டை உருவிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல புள்ள, ஸ்விட்சுதான். நல்லவேளை, மாமா கண்டுபிடிச்சிட்டாக. வண்டி இங்கன நிக்கட்டும், நாம பஸ்ல போவோம்."