சனிக்கிழமைத் தூரம்

"கடைசியா எப்ப வந்துச்சு, ரூபினி?" என்று டாக்டர் வாசுகி கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"புரட்டாசி முதல் சனிக்கிழமை வந்துச்சு, டாக்டர். மூனாவது சனிக்கிழமை திரும்பவும். தீபாவளிக்கு முந்துன நாள் ஒரு தடவ. சஷ்டி முடியறதுக்குள்ள இன்னொரு தடவ. இப்பக் கார்த்திகைக்கும் வந்துருச்சு."

அம்மாவுக்குக் கைப்பேசியில் நாள் குறிக்கத் தெரியாது. விரத நாள்களை வைத்தே என் உடம்பைக் கணக்கு வைத்திருந்தார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த கர்ப்பப்பைப் படத்தைப் பார்த்தேன். அந்தப் படத்தை அவ்வளவு அக்கறையாக வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அம்மா சொன்ன அத்தனையும் நான் சொன்ன பொய்.

மாதம் தவறாமல் வந்து, சொன்ன நேரத்துக்குப் போகிற உடம்பு என்னுடையது.

சிங்கப்பூரில் வேலை. மலேசியப் பக்கத்துப் பாசிர் கூடாங்கிலிருந்து விடியுமுன் கிளம்பி, எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று நின்று போய், அதே நெரிசலில் திரும்பி வருகிறவள் நான். சனிக்கிழமை ஒன்றுதான் தூக்கத்துக்கு மிச்சம். புரட்டாசி வந்தால் அதுவும் போய்விடும். காலையிலேயே தலைக்குக் குளித்து, காய்கறி நறுக்கி, இலை நிறைய சைவம் சமைத்துப் பெருமாளுக்குப் படைக்க வேண்டும்.

அந்த முதல் சனிக்கிழமை போர்வைக்குள்ளிருந்தே, "அம்மா, நான் வீட்டுக்குத் தூரம்" என்றேன்.

அம்மா சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். மத்தியானம் வரை தூங்கினேன். இவ்வளவு சுலபமாக லீவு போட எம்.சி. சீட்டு எந்தக் கிளினிக்கிலும் கிடைக்காது. அப்புறம் ருசி கண்டுவிட்டது.

அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் படுத்துக்கொண்டால் சமையல், பூசை எல்லாம் அம்மா தலையில்தான் விழும். அது தெரிந்தேதான் படுத்தேன்.

"வந்தா எத்தன நாள் இருக்கும்?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

"அஞ்சு நாள், டாக்டர்." இதாவது உண்மையாக இருக்கட்டும் என்று சொன்னேன்.

டாக்டர் அம்மாவின் பக்கம் திரும்பிப் பொறுமையாக விளக்கினார்.

"ஒரு தடவ வந்த முதல் நாள்லேர்ந்து அடுத்த தடவ வர்ற முதல் நாள் வரைக்கும் எண்ணணும்மா. மூனு வாரத்துலேர்ந்து அஞ்சு வாரத்துக்குள்ள எப்ப வந்தாலும் நார்மல்தான். ஏழு நாளைக்கு மேல நிக்காம போனாலோ, இவங்களுக்கு வர்ற மாதிரி ஒரு வாரம், ரெண்டு வாரத்துலயே திரும்ப வந்தாலோ, என்னன்னு பாத்துடணும். ரத்தம் எடுப்போம், ஸ்கேன் பண்ணுவோம். பயப்படாதீங்க லா."

என் பொய் ஸ்கேன் வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு மாதமாக அம்மா கவலைப்பட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு, என்னை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். இப்போதாவது சொல்லித் தொலைத்துவிடலாம் என்று நிமிர்ந்தேன்.

அதற்குள் அம்மா கேட்டுவிட்டார்.

"டாக்டர், நின்னுபோயி ரெண்டு வருசம் கழிச்சுத் திரும்ப வந்தா, அது எத்தன நாள் இருந்தா நார்மல்?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

"எப்பலேர்ந்து வருது?"

"ஆடி மாசத்துலேர்ந்து. விட்டு விட்டு வருது."

"முழுசா நின்னு ஒரு வருசம் ஆனதுக்கு அப்புறம் ஒரு நாள் வந்தாலும் நார்மல் இல்லம்மா. உடனே பாத்திருக்கணும். ஏன் வரல?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பஞ்சாபி சூட்டின் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

"வயசானா அப்படி இப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன், டாக்டர். ஆனா இவ தூரம்னு படுத்துக்கிட்டா வீட்டுல விளக்கேத்த ஆளில்ல. எனக்கும் தீட்டு. சாமிய பட்டினி போடக்கூடாதுன்னு குளிச்சிட்டு நானே ஏத்திட்டேன். தீட்டோடயே படையலும் போட்டேன். ஒவ்வொரு தடவயும் அப்படித்தான். அந்தப் பாவந்தான் இப்ப இவள புடிச்சு ஆட்டுது. எனக்கு அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல இவளுக்குப் பாருங்க."

அந்தச் சனிக்கிழமைகளில் சூட வாசம் கதவிடுக்கு வழியாக என் அறைக்குள் வரும். நான் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுப்பேன். அங்கே அம்மா தனக்குத் தெரிந்த பெரிய பாவத்தைச் செய்துகொண்டு நின்றிருக்கிறார், என் தூக்கத்துக்காக. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பொய்ம்மா," என்றேன். "எல்லாமே பொய். எனக்கு ஒழுங்காத்தான் வருது. தூங்குறதுக்காக அப்படிச் சொன்னேன்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் முன்னாலேயே அறைவார் என்று நினைத்தேன். அறைந்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"நெசமாவா? உனக்கு ஒன்னுமே இல்லியா?"

"இல்லம்மா."

"பெருமாளே," என்று அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

டாக்டர் எழுந்து திரையை இழுத்துவிட்டு, அம்மாவைப் படுக்கச் சொன்னார். அம்மா கைப்பையை என் மடியில் வைத்தார். நல்ல சேதி கேட்டவர்போல முகமெல்லாம் தெளிந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார்.