தம்பிக்காக ஒரு ஷவர்

“அண்ணாச்சி, வீட்டோட இந்த மேற்குப் பாதியில பழைய குழாய் பூரா வேர் ஓடிக் கெடக்கு. ஷவர் தண்ணிய இதுல விட்டா நாலு நாள்ல எதுத்து வரும். கிழக்குப் பக்கம் நல்ல குழாய் இருக்கு, அதுல சேத்திரட்டுமா?” என்றார் பிளம்பர் தங்கப்பழம்.

“அதத் தொட்டுராதேயும் வே! பழசுலயே சொருகி, மேல பளபளன்னு டைல்ஸ ஒட்டும். நானா குளிக்கப் போறேன்?” என்றார் ராஜதுரை.

“பின்ன யாரு?”

“சென்னையில இருக்கானே என் தம்பி ஜெபசிங், அவனுக்குத்தான். பவிசுக்குப் பல்லிளிக்கிற பய. வாளியில மொண்டு குளிச்சா தொரைக்குக் கவுரவம் கொறஞ்சிரும்லா!”

ஞாயிற்றுக்கிழமை ஜெபசிங் சங்கரன்கோவிலுக்கு வந்தான். ஷவரைத் திறந்து பார்த்துச் சின்னப்பிள்ளை போலச் சிரித்தான்.

‘விழுந்துட்டான் மடையன்’ என்று ராஜதுரை மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

பாகம் பிரித்துக் கொடுக்க வந்திருந்த தாய்மாமா தொண்டையைக் கனைத்தார். “அப்பா கட்டுன வீட்ட மூத்தவன் ரெண்டாப் பிரிச்சிட்டான். மொறைப்படி எளையவன்தான் மொதல்ல எடுக்கணும். எந்தப் பாதி வேணும் மக்கா?”

“கிழக்குப் பாதி மாமா.”

ராஜதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏலே, அங்கன ஷவர் கெடையாதுலே!”

“தெரியும்ணே. மூட்டுவலியோட ஒங்களால குனிஞ்சு மொண்டு குளிக்க முடியாதுல்லா? நல்ல பாதி ஒங்களுக்கே இருக்கட்டும்.”

“இப்படி ஒரு தம்பி யாருக்குலே வாய்க்கும்!” என்று மாமா கண்ணைத் துடைத்தார்.

ராஜதுரையும் துடைத்துக்கொண்டார்.