சிவப்புத் தாழ்

ரத்த வங்கியின் கணினி அன்று காலை செத்துப்போயிருந்தது. பிரசவ அறையில் ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுடைய அபூர்வ வகை ரத்தத்தைத் தரக்கூடிய பதினோரு பேரின் எண்களும் அந்தக் கணினிக்குள்தான் இருந்தன.

"டேப்ல இருக்கும்ல எப்சிபா?" என்றார் டாக்டர் தணிகைவேல்.

"தெனமும் எடுக்குறேன் சார்."

ரத்த வங்கி ஊழியரான அவள், கணினியில் உள்ளதையெல்லாம் மூன்று வருடமாக டேப்பில் நகல் எடுக்கிறாள். டேப்பை டிரைவில் போடுவாள். திரையில் வரும் ஆங்கில வரியைப் படிக்காமல் என்டர் தட்டுவாள். தேதி எழுதி இரும்பு அலமாரியில் அடுக்குவாள்.

பக்கத்து அறைக் கணினியில் போட்டுப் பார்த்தால், நேற்றைய டேப்பில் ஒன்றுமே இல்லை. முந்தாநாளுடையதிலும் இல்லை. மூன்றாவதும் வெறுமையாக வெளியே வந்தபோது, அதன் ஓரத்துச் சிவப்புத் தாழ் அவள் விரலில் இடறியது. புது டேப்புகள் வந்த அன்று, யாரும் தவறிப்போய் அழித்துவிடக் கூடாதென்று, எல்லாவற்றிலும் அதைப் பூட்டி வைத்தவள் அவள்தான். பூட்டிய டேப்பில் எதுவும் பதியாது.

டாக்டரின் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

"அடுத்ததப் போடும்மா."

அலமாரி நிறைய அவளுடைய குண்டு குண்டான கையெழுத்து. எப்சிபா நான்காவது டேப்பை எடுத்தாள். தாழைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு டிரைவுக்குள் தள்ளினாள்.